அந்தோனியம்மாவின் இரண்டு சத்தியங்கள்

கண்டி பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் அந்தோனியம்மாவுக்கு ஒரு கொமியூனிகேஷன் கடை இருக்கிறது. போட்டோகொப்பி எடுப்பார், போனுக்கு ரீலோட் போடுவார், கடவுச்சீட்டுப் படம் பிடிக்க வருபவரின் முதுகுக்குப் பின்னால் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெளிநாடு போக நினைக்கும் எங்கள் பக்கத்து ஆட்கள் விமான நிலையத்துக்கு முன்பே தாண்ட வேண்டிய இடம் அது. பட்டச் சான்றிதழ், வேலை அனுபவக் கடிதம், ஆங்கிலப் பரீட்சை முடிவு, பொலிஸ் அறிக்கை எல்லாம் அந்த இயந்திரத்தின் கண்ணாடியில் ஒருமுறை முகம் குப்புறப் படுத்து எழும்ப வேண்டும். படுக்கவைப்பவர் அந்தோனியம்மா. படுக்கவைக்கும் முன் வாசித்துவிடுவார்.

ஆகவே யார் எந்தப் பரீட்சையில் விழுந்தார் என்பது பெற்ற தாய்க்குத் தெரியும் முன்பே ஒழுங்கைக்குத் தெரிந்திருக்கும்.

"அந்த நர்ஸ் பிள்ளை இந்தத் தடவையும் ரைட்டிங்ல போயிருச்சு, பாவம். யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்பார், கடைக்கு வரும் ஒவ்வொருவரிடமும்.

கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. இரண்டு கிழமையில் திரும்பி வந்துவிடுவார்கள். அவருடைய கொப்பியில் கறுப்புக் கோடு விழாது. அவருடைய கதையில் பொய் இருக்காது. இரண்டும் கண்டியில் அபூர்வம்.

அவர் பிறந்தது பன்விலப் பக்கத்துத் தோட்டமொன்றில். சாதாரண தரப் பரீட்சை வரை படித்துவிட்டு, கண்டியில் ஒரு ஸ்டூடியோவில் ரசீது எழுத வந்தவர், அங்கே வேன் ஓட்டிய சுவக்கினைக் கட்டிக்கொண்டார். சுவக்கின் பிறகு குவைத்துக்கு டிரைவராகப் போனார். போனவர் இன்னும் அங்கேதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெரியதொரு போர்வையைச் சுமந்துகொண்டு வந்து போவார். வீட்டு அலுமாரியில் போர்வைகள் நிறைந்துவிட்டன. கண்டியில் அவ்வளவு குளிர் கிடையாது.

"உங்களுக்கெல்லாம் எத்தன கேள்வி கேக்குறாங்க தம்பி" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். "என்ன படிச்ச, இங்கிலீசு வருமா, பொண்டாட்டி இருக்கா, அவளுக்கு இங்கிலீசு வருமான்னு. எங்க மனுசன்கிட்ட லைசன் இருக்கான்னு மட்டுந்தான் கேட்டான். பொண்டாட்டி இருக்கான்னு கேட்டிருந்தா, இருக்கா, கூட்டிட்டு வரவான்னு இவரும் கேட்டிருப்பாரு. அவனும் கேக்கல, இவரும் கேக்கல."

என்னிடம் கேட்டார்கள். நான் குவான்டிட்டி சர்வேயர். ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு கம்பி, எவ்வளவு சீமெந்து என்று கணக்குப் பார்ப்பவன். அவுஸ்திரேலியாவுக்கு அப்படிப்பட்டவர்கள் தேவை என்று ஒரு பட்டியலில் போட்டிருந்தார்கள். தேவை என்றால் கூப்பிடுவார்கள் என்று நினைக்கக் கூடாது. வயதுக்குப் புள்ளி, படிப்புக்குப் புள்ளி, ஆங்கிலத்துக்குப் புள்ளி என்று சேர்த்துக்கொண்டு போய் வாசலில் காத்திருக்க வேண்டும். அதில் தனியாளுக்கு முழுப் புள்ளி. கலியாணம் முடித்தவருக்கு, மனைவியின் ஆங்கிலத்தையும் தொழிலையும் உரசிப் பார்த்த பிறகுதான் புள்ளி.

"லவ் இருக்கா?" என்று கேட்டார் எனக்கு விண்ணப்பம் போட்டுத்தந்த முகவர்.

"இருக்கு."

"இருக்கட்டும். கலியாணம் மட்டும் வேணாம். லவ்வுக்குப் புள்ளியும் இல்ல, குறைப்பும் இல்ல."

என் லவ்வின் பெயர் யசோதினி. தமிழ்ப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞான ஆசிரியை. ஒளித்தொகுப்பை அவள் தமிழில் விளக்கினால் கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் விளங்கும்; அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் கோபம் வரும். அந்தக் கோபத்தை உரசிப் பார்க்க முகவர் விரும்பவில்லை.

எங்களுக்கும் அவசரம் இருக்கவில்லை. அவசரப்பட்டிருந்தால் அவளுடைய அப்பா ராஜரத்தினத்திடம் போயிருக்க வேண்டும். அவர் மடுல்கெல்லயில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்று, பிலிமத்தலாவையில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர். மூன்று துரைமாருக்கு ஆங்கிலக் கடிதம் எழுதிக்கொடுத்தவர். சைவர். நான் வேதக்காரன். தோட்டப்புறத்தில் கிறிஸ்தவர்களான எங்களை அப்படித்தான் சொல்வார்கள், ஏதோ நாங்கள்தான் நாலு வேதமும் படித்தவர்கள் போல.

ஆகவே நானும் யசோவும் நாலு வருடம் அந்தோனியம்மாவின் போட்டோகொப்பி மெசினுக்குப் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்து காதலித்தோம். பேராதனைப் பூங்காவுக்குப் போனால் அவளுடைய மாணவர்களின் பெற்றோர் குடும்பத்துடன் உலாவுவார்கள். வாவியைச் சுற்றிப் போனால் என் அம்மாவின் கோவில் கூட்டாளிமார். கடையில்தான் பயமில்லை. யாராவது உள்ளே வந்தால் அந்தோனியம்மா வெற்றுத்தாளை மெசினில் ஓட்டுவார். அந்தச் சத்தம் கேட்டால் நாங்கள் வாயை மூட வேண்டும்.

கடைக்குள் பயமில்லை என்றாலும், அவர் வெளியே எவ்வளவு சொல்லியிருப்பார் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. மார்க்கையே மறைக்காதவர் எங்களையா மறைப்பார்?

வீசா வந்தது. தனியாளாக மெல்பேர்னுக்குப் போனேன். போய் ஒரு வருடத்தில் அந்தோனியம்மா என் படத்தை எடுத்துக்கொண்டு ராஜரத்தினத்தின் வீட்டுக்குப் போனார், கலியாணம் பேசும் தரகராக.

"வேதக்காரப் பையன்தான் கிளாக்கரையா. ஆனா பி.ஆர். இருக்கு."

அவர் ஒரு நாள் யோசித்தார். மறுநாள் "சாமி எல்லாம் ஒன்னுதானே" என்றார். நிரந்தர வதிவிட உரிமைக்கு இப்படியொரு அருள் இருப்பதை அந்த நாட்டு அரசாங்கம் எங்கேயும் அறிவிக்கவில்லை.

லீவு எடுத்துக்கொண்டு பெண் பார்க்கப் போனேன். யசோ தேத்தண்ணி கொண்டுவந்தாள். என்னை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவு சுத்தமாக நடித்தாள். எனக்கே ஒரு கணம் சந்தேகமாகிவிட்டது. கலியாணம் நடந்தது. ராஜரத்தினம் வந்தவர்களிடமெல்லாம், "பேசிச் செஞ்ச கலியாணம். ரெண்டும் அதுக்கு முன்ன கண்டதும் இல்ல, கேட்டதும் இல்ல" என்றார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். வெட்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

பிறகு நான் திரும்பிப் போய், அவளை அழைக்க விண்ணப்பம் போட்டேன். உறவு எப்போது தொடங்கியது என்று கேட்டிருந்தார்கள். உண்மையை எழுதினோம். ஒரு அரசாங்கத்துக்குப் பொய் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. குடும்பத்தில் ஒருவர் ஆதரவாகச் சத்தியக்கடதாசி கொடுத்தால் நல்லது என்றார் முகவர்.

ராஜரத்தினம் யாரிடமும் கேட்கவில்லை. நாலு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி, சமாதான நீதவானிடம் ஒப்பமும் முத்திரையும் வாங்கி, யசோவிடம் கொடுத்து இணையத்தில் ஏற்றச் சொன்னார். அவள் முதல் பக்கத்தைப் பார்த்தாள். அதில் அவர்கள் குடும்பத்தின் பெருமையும், என் சம்பளத்தைப் பற்றி நல்ல வார்த்தையும் இருந்தன. துரைமாரே திருத்தாத அப்பாவின் ஆங்கிலத்தை மகள் இருந்து சரிபார்ப்பதா? ஏற்றிவிட்டாள்.

வில்லங்கம் மூன்றாவது பக்கத்தில் இருந்தது. மேற்படி ரொஹானையோ, அதாவது என்னையோ, வேறெந்த ஆண்பிறப்பையோ தன் மகள் கலியாணம் பேசும் நாள்வரை அறிந்ததில்லை. அவ்வாறு அறியக்கூடிய விதத்தில் அவள் வளர்க்கப்படவுமில்லை.

குடிவரவு அலுவலகத்திலிருந்து மிக மரியாதையான மின்னஞ்சல் வந்தது. கணவனும் மனைவியும் கலியாணத்துக்கு முன்பே நாலு வருட உறவு என்கிறீர்கள். மனைவியின் தந்தை ஒரு நாள் உறவுகூட இல்லை என்று சத்தியம் செய்கிறார். நாலு கிழமைக்குள் விளக்கவும். விளக்காவிட்டால் கையிலிருப்பதை வைத்து முடிவெடுப்போம்.

எனக்கு இரண்டு பயம். ஒன்று, யசோவுக்கு வீசா கிடைக்காது. மற்றது, இவன் அப்போது உண்மையிலேயே தனியாளா என்று என் பழைய கோப்பைத் திறப்பார்கள். ஒரே வீட்டில் இருக்காதவரை தனியாள்தான், சட்டப்படி பிரச்சினை இல்லை என்று முகவர் எத்தனை தரம் சொன்னாலும், மின்னஞ்சல் வரும் சத்தம் கேட்டால் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

"உங்க ரெண்டு பேரையும் ஒன்னாப் பாத்த ஒரு ஆள்கூடவா ஊர்ல இல்ல?" என்று கேட்டார் முகவர். "சொந்தக்காரர் வேணாம். வெளி ஆள். சத்தியம் பண்ணிச் சொல்லணும்."

அப்படி ஒரே ஒருவர்தான் இருந்தார். நல்லவேளை, அவர் வாயை மூடத் தெரியாதவர். நிம்மதியாகப் போன் எடுத்தேன்.

"அக்கா, நானும் யசோவும் உங்க கடையில சந்திச்சத ஒரு கடதாசியில எழுதித் தரணும்."

"என்னால ஏலாது தம்பி."

"ஏன்க்கா? ஊருக்கே சொல்லியிருப்பீங்க!"

"யாரு சொன்னது? ஒருத்தர்கிட்ட சொல்லியிருந்தா என் நாக்கு அழுகட்டும்."

"நர்ஸ் பிள்ளையோட மார்க்க..."

"மார்க்கச் சொல்லுவேன். மார்க்குக்காக ஒரு பிள்ளைய வேலைய விட்டு நிப்பாட்டி வீட்டுல பூட்டுவாங்களா? இது வேற."

பிறகுதான் சொன்னார். நாங்கள் சந்திக்கத் தொடங்கிய இரண்டாவது வருடம் ராஜரத்தினம் கடைக்கு வந்திருக்கிறார். தன் மகள் இங்கே ஒரு பையனோடு பேசுவதாகக் காற்றில் வந்தது என்றிருக்கிறார். அப்படி ஒன்றுமில்லை, பாடம் கொப்பி எடுக்க வருகிறாள் என்றிருக்கிறார் அந்தோனியம்மா. சத்தியமா என்று கேட்டிருக்கிறார். ரீலோட் அட்டைகளுக்கு மேலே தட்டில் நிற்கும் அந்தோனியார் சுருவத்தின் பாதத்தில் கை வைத்து, சத்தியம் என்றிருக்கிறார் இவர்.

"என் பேரே அவரு பேரு. அவரு காலைத் தொட்டுப் பொய் சொன்னேன். இப்ப மாத்திச் சத்தியம் பண்ணா ரெண்டு பேருக்கும் நான் பொய்க்காரி."

"அந்தோனியார் மன்னிப்பாருக்கா."

"அவரு மன்னிப்பாரு. நான் சொன்னது உங்க மாமாவ."

போனை வைத்துவிட்டார். மறுநாள் யசோ கடைக்குப் போய், அதே பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, தானே அப்பாவிடம் சொல்லப்போவதாகச் சொன்னாள். அந்தோனியம்மா வெற்றுத்தாள் ஒன்றை ஓட்டினார். கடையில் வேறு யாரும் இருக்கவில்லை.

"நீ சொன்னா அந்த மனுசன் உடைஞ்சு போவாரு" என்றார். "நான் சொன்னா ஏசுவாரு. ஏச்சு வாங்குறது லேசு." கடையைப் பூட்டிக்கொண்டு பிலிமத்தலாவை பஸ்ஸில் ஏறிவிட்டார். யசோ பின்னால் ஓடிப்போய் அதே பஸ்ஸில் ஏறினாள்.

மிச்சம் அவள் குசினியிலிருந்து கேட்டது. ராஜரத்தினம் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். கதிரையைக் காட்டி அவர் இருக்கச் சொல்லியும் அந்தோனியம்மா இருக்கவில்லை.

"கிளாக்கரையா, அன்னைக்கு உங்ககிட்ட நான் பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன்."

"என்னைக்கு?"

"பிள்ளைக்கும் ஒரு பையனுக்கும் ஒன்னும் இல்லன்னேனே. இருந்துச்சு. இந்தப் பையன்தான்."

பேப்பர் மடியும் சத்தம் கேட்டதாம்.

"எவ்வளவு காலம்?"

"நாலு வருசம்."

"எங்க வச்சு?"

"நம்ம மெசினுக்குப் பின்னால."

"என் பிள்ளை. மெசினுக்குப் பின்னால."

"ஃபேன் போட்டுத்தான்யா வச்சிருந்தேன்."

"பொண்ணு பாக்க வந்தப்ப," என்றார் அவர், "அவனுக்கு சீனி எத்தன கரண்டின்னு கேக்காமலே இவ போட்டுக் கொண்டாந்தா."

"அப்பவே உங்களுக்கு விளங்கிருச்சா?"

"இல்ல. கெட்டிக்காரப் பிள்ளைன்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகுதான் ஏச்சு. தரகு வேலை, வேதக்காரர், குவைத், போட்டோகொப்பி என்று எல்லாவற்றையும் ஏசினார். அந்தோனியம்மா நின்று கேட்டார். மூச்சு வாங்க அவர் நிறுத்தியபோது, எழுதியதை மாற்றிக்கொடுத்தால்தான் வீசா என்று சொன்னார்.

"மாத்த மாட்டேன். எழுதினப்ப எனக்கு அதுதான் உண்மை. என் ஒப்பத்துக்கு மேல நான் கோடு போட மாட்டேன்."

யசோ வெளியே வந்தாள். "அப்பா, அப்ப நான் போக ஏலாது."

அவர் அவளைப் பார்க்கவில்லை. பேனாவைத் தேடினார். "மாத்த மாட்டேன்னுதான் சொன்னேன். எழுத மாட்டேன்னு சொல்லல. இவ என்னை ஏமாத்தினத நான் எழுதுவேன். அவன் ஏமாத்தினதையும் எழுதுவேன். உன்னையும் விட மாட்டேன். நாட்டுக்கே தெரியட்டும்."

இரண்டாவது சத்தியக்கடதாசி ஐந்து பக்கம். எந்தக் கடையில், எந்த மெசினுக்குப் பின்னால், எந்தப் புனிதரின் பெயரால், எவ்விதம் தான் வஞ்சிக்கப்பட்டார் என்று, அந்தோனியம்மாவை நிற்கவைத்து விசாரித்து விசாரித்து எழுதினார். பதில் திருப்தி இல்லாவிட்டால் மறுபடி கேட்டார். துரைமாருக்குக்கூட அவ்வளவு நன்றாக எழுதியிருக்க மாட்டார்.

ஒப்பம் வைக்க மூன்று பேரும் சமாதான நீதவான் முனாப்பிடம் போனார்கள். முனாப் கண்டியில் துணிக்கடை வைத்திருப்பவர். யசோ போனைப் பிடித்துக் காட்ட, நான் மெல்பேர்னில் வேலைத்தள அறைக்குள் இருந்து பார்த்தேன். முனாப் ஐந்து பக்கத்தையும் வாசித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கிளாக்கர் மாத்தையா, எனக்கு வெளங்கல்ல. இது மருமகனுக்கு சிபாரிசா, மருமகன் மேல முறைப்பாடா?"

"நடந்தது" என்றார் ராஜரத்தினம்.

பிறகு அந்தோனியம்மாவின் முறை. அவர் தன் பக்கத்தைத் தமிழில் சொல்ல, யசோ அகராதி பார்த்து ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். முனாப் பைபிளை எடுத்து முன்னால் வைத்தார்.

"இது எதுக்கு நானா? ஐயா சும்மாதானே ஒப்பம் வச்சாரு?"

"அவர் இந்து. இந்துக்கள், எங்கட முஸ்லிம் ஆக்கள், பௌத்தர்கள் எல்லாம் உறுதி சொன்னாப் போதும். கிறிஸ்தவங்கதான் பைபிள்ல சத்தியம் செய்யணும். சட்டம் அப்பிடி."

அந்தோனியம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அப்ப ஒரு கால் மணித்தியாலத்துக்கு என்னையும் இந்துன்னு போடுங்க."

"அப்பிடி மாத்த ஏலாது புள்ள."

"பையன் வேதக்காரன்னு தெரிஞ்சும் இவரு பி.ஆருக்காக சாமி எல்லாம் ஒன்னுன்னு மாத்தினாரு. நான் மாத்தக்கூடாதா?"

முனாப் சிரிப்பை அடக்கத் துணிக்குவியலின் பக்கம் திரும்பினார். ராஜரத்தினம் அந்தோனியம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பிலிமத்தலாவையிலிருந்து வந்த வழியெல்லாம் அவரோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"என்கிட்ட பொய்ச் சத்தியம் பண்ணும்போது கை பின்னுக்குப் போச்சா?" என்று கேட்டார்.

"இல்ல ஐயா."

"ஏன்?"

"பிள்ளை படிப்பிக்கப் போகணும்ல."

ராஜரத்தினம் பைபிளைத் தன் கையால் எடுத்து அந்தோனியம்மாவின் பக்கம் நகர்த்திவைத்தார். "அப்ப இதுக்கு மட்டும் ஏன் போகுது? வை. பிள்ளை போகணும்."

அந்தோனியம்மா கையை வைத்தார். வாய் எதையோ முணுமுணுத்தது. முனாப் சொல்லிக்கொடுத்த வாசகத்தைவிட அது நீளமாக இருந்தது. யாரிடம் எதற்காக மன்னிப்புக் கேட்டார் என்று போனில் கேட்கவில்லை.

இரண்டு கடதாசிகளையும் அன்றே அனுப்பினோம். முகவர் வாசித்துவிட்டு எனக்குப் போன் எடுத்தார். "இத்தன வருசமா கோப்புப் பாக்கிறன், தம்பி. சிரிச்ச படத்தை யாரும் எடுக்கலாம். சாட் மெசேஜை யாரும் எழுதலாம். இப்படி ஒரு மாமனாரை யாராலயும் தயாரிக்க ஏலாது."

அடுத்த மாதம் வீசா வந்தது. ஒரே ஒரு பக்கம். எதை நம்பினார்கள் என்று அதில் சொல்லவில்லை. என் பழைய கோப்பை யாரும் திறக்கவில்லை. இருந்தாலும் மின்னஞ்சல் சத்தம் கேட்டால் போனை இன்னும் குப்புறக் கவிழ்க்கிறேன்.

யசோ வந்து இப்போது ஆங்கில வகுப்புக்குப் போகிறாள். ராஜரத்தினம் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுக்கிறார். முன்பு என்னை மாப்பிள்ளை என்பார். இப்போது, "அந்த மேற்படி ஆள் பக்கத்துல இருக்காரா?" என்று மகளிடம் விசாரிக்கிறார். வீசா கிடைத்தது, பதவி போனது.

கதை ஒழுங்கையில் பரவிவிட்டது. இந்தத் தடவை அதைப் பரப்பியது முனாப்பின் துணிக்கடை. பொம்பளைப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கொஞ்ச நாள் அந்தோனியம்மாவின் கடைப் பக்கம் வரவில்லை. பிறகு வந்தார்கள்; வேறு எங்கே விசாரிப்பது? போன கிழமை ஒரு தகப்பன் வந்து, டியூஷனுக்குப் போகும் தன் மகளைப் பற்றிக் கேட்டாராம்.

"சத்தியம் பண்ணிச் சொல்லணுமா, சும்மா சொல்லணுமா?" என்றிருக்கிறார் இவர்.

அந்த மனிதர் நின்று யோசித்தாராம். தட்டில் நின்ற அந்தோனியாரைப் பார்த்தாராம். மெசினுக்குப் பின்னாலும் ஒருமுறை எட்டிப் பார்த்தாராம்.

"சும்மாவே சொல்லுங்கக்கா" என்றாராம்.